சபாவுக்கும் ஸ்டுடியோவுக்கும் நடுவே: மூன்றாம் பாட்டின் கதை

மேற்கு மாம்பலத்தைச் சென்னையின் இசை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் அதன் இருப்பிடம் சற்று விசித்திரமானது. ரயில் பாதையைக் கடந்து கிழக்கே போனால் தியாகராய நகர். அங்கே ஜி.என். செட்டி சாலையில் வாணி மகால் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி கிருஷ்ண கான சபா. வடக்கே அடுத்த ரயில் நிலையம் கோடம்பாக்கம். அதைத் தாண்டினால் வடபழனி, ஏவி.எம். ஸ்டுடியோ என்று தமிழ் சினிமாவின் பாட்டுத் தொழிற்சாலை வளர்ந்த நிலம். ஊருக்குள்ளேயே ஆரிய கௌடா சாலையில் அயோத்தியா மண்டபம். உற்சவ நாட்களில் அங்கே சீட்டு வாங்காமல் கச்சேரி கேட்கலாம். ஆக, இங்கே குடியிருப்பவன் ஒரு பக்கம் சபாவையும் மறுபக்கம் ஸ்டுடியோவையும் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் வாழ்கிறான். தமிழில் பாட்டு என்றால் இந்த இரண்டுதான் என்ற எண்ணமும் அவனுக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது.

இந்த இரண்டுக்கும் வெளியே ஒரு பாட்டு எப்போதும் இருந்து வந்திருக்கிறது. சபாவில் அதற்கு இடமில்லை. சினிமாவில் அதற்குச் சூழல் இல்லை. இன்று அதைச் சுயாதீன இசை என்கிறோம், இளைஞர்கள் இண்டி என்கிறார்கள். பெயர் புதிது என்பதால் பொருளும் புதிது என்று நினைத்துவிடுகிறோம். அந்த மூன்றாம் பாட்டின் நூறாண்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, அதிகம் பேசப்படாத சில பாட்டுகளை வாசகர்களுக்குப் பரிந்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இடையே ஒரு கேள்வியும் உண்டு: இந்தப் பாட்டுகள் ஏன் திரும்பத் திரும்ப மறக்கப்படுகின்றன?

கதையைக் குஜிலிக் கடைத்தெருவிலிருந்து தொடங்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பழைய சென்னையின் அந்தக் கடைத்தெருவில் மலிவான தாளில் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்கள் விற்றன. கொலை, வெள்ளம், ரயில் விபத்து, குடியின் கேடு, கள்ளக்காதல் என்று ஊரில் எது பேச்சாக இருந்ததோ அது உடனே பாட்டாயிற்று. விற்பவரே பாடி விற்றார். கேட்டவர் நின்றார், பிடித்தவர் வாங்கினார். பாட்டுக்கும் கேட்பவருக்கும் இடையே இடைத்தரகர் எவரும் இல்லை. படித்தவர்கள் இவற்றை இலக்கியமாக மதிக்கவில்லை. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ 2004இல் வெளிவந்த பிறகே நம்மில் பலருக்கு இப்படி ஒரு பெரும் உலகம் இருந்தது தெரியவந்தது. அந்தப் பாட்டுகளின் வரிகள் ஓரளவு கிடைக்கின்றன. அவற்றின் மெட்டு பெரும்பாலும் பாடியவரோடு போயிற்று.

அடுத்து வந்தது கிராமபோன். 1931இல் ‘காளிதாஸ்’ வெளியாகித் தமிழ் சினிமா பேசத் தொடங்குவதற்கு முன்பே தமிழ்ப் பாட்டு இசைத்தட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் முதலிய நாடக மேடைக் கலைஞர்களின் குரல் ஊர் ஊராகப் போனது. தேசியப் பாட்டு, நாடகப் பாட்டு, பக்திப் பாட்டு எல்லாம் தட்டில் விற்றன. அந்த நாட்களில் ஒடியன் இசைத்தட்டுகளைத் தயாரித்து விற்ற சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தில் முன்னின்றவர் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன். அவரே 1935இல் ‘அல்லி அர்ஜுனா’ படத்தைத் தயாரித்து சினிமாவுக்குள் வந்தார். 1948இல் அவருடைய ஸ்டுடியோ காரைக்குடியிலிருந்து சென்னைக்கு இடம் பெயர்ந்தது. அதே 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நடிக்க சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசப்பட்டது. தட்டு விற்றவர் படம் எடுக்கப் போனார், தட்டில் பாடியவர் படத்தில் பாடப் போனார். அன்றைய கலைஞனுக்கு அதுவே பிழைப்பின் வழி. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குப் பிறகு இசைத்தட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்ற நிலை மெல்ல மெல்ல உறுதிப்பட்டது.

சபாவின் பக்கம் வேறொரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி உருவாயிற்று. சபாக்கள் பெருகின; பெருகியதும் அவற்றுக்கு விமரிசகர்கள் தேவைப்பட்டார்கள். கல்கி, ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய ‘ஆடல் பாடல்’ பகுதி அந்தத் தேவையை நிறைவேற்றிற்று. சங்கீத ஞானம் இல்லாத வாசகனும் அதைப் படித்துவிட்டு அடுத்த கச்சேரிக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடிந்தது. அந்த எழுத்தின் பலமே அதுதான். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடி, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது கல்கியின் பேனா அந்த இயக்கத்துக்குத் துணை நின்றது. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு துக்கடாவாக மட்டும் ஒதுங்கியிருந்த நிலை மாறியதில் மேடையில் பாடியவர்களுக்கு எவ்வளவு பங்கோ, கீழே உட்கார்ந்து எழுதியவர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு எனலாம்.

கடல் கடந்தும் இதற்கு ஓர் இணை உண்டு. இண்டி என்ற சொல் பெரிய நிறுவனங்களைச் சாராமல் இசைத்தட்டு வெளியிட்டவர்களைக் குறிக்க பிரிட்டனில் பரவிய சொல். 1977 ஜனவரியில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் என்ற குழு கடன் வாங்கிய பணத்தில் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. அந்த வழியில் பல சிறு குழுக்கள் கிளம்பின. அவை பிழைத்ததற்கு பிபிசி வானொலியில் 1967 முதல் 2004இல் இறக்கும் வரை நிகழ்ச்சி நடத்திய ஜான் பீல் ஒரு முக்கியக் காரணம். தபாலில் வந்து குவியும் ஒலிநாடாக்களைப் போட்டுக் கேட்டு, எவரும் அறியாத பெயர்களை வானலையில் சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். 1978இல் வட அயர்லாந்தின் அண்டர்டோன்ஸ் என்ற குழுவின் பாட்டு ஒன்றை ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பினார். நம் ஊரில் சபாப் பாட்டுக்குக் கல்கி கிடைத்தார், பின்னாளில் சுப்புடு கிடைத்தார். சினிமாப் பாட்டுக்கு விளம்பரமே போதுமானதாக இருந்தது. மூன்றாம் பாட்டுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

வானொலி அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இல் தொடங்கிற்று. 1952இல் பி.வி. கேஸ்கர் அத்துறையின் அமைச்சரான பிறகு வானொலியில் திரைப்பாட்டின் நேரம் வெட்டப்பட்டது. அதற்கு மாற்றாக மெல்லிசை என்றொரு வகை ஊக்குவிக்கப்பட்டது: கவிஞர்களிடம் பாட்டு வாங்கி, நிலைய இசைக்குழுவைக் கொண்டு மெட்டமைத்து, நல்ல குரல்களைப் பாடவைத்தார்கள். நோக்கம் பெரிது. ஆனால் கேட்பவர்களின் விருப்பத்தை மேலிருந்து திருத்தும் முயற்சி அது. ஜனங்கள் முள்ளைத் திருகி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957இல் விவித் பாரதி பிறந்து சினிமாப் பாட்டு திரும்பி வந்தது. மெல்லிசையில் அருமையான பாட்டுகள் இருந்தன. அவற்றுக்குக் கடையில் தட்டு கிடையாது, பத்திரிகையில் விமரிசனம் கிடையாது. எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார் என்பது அறிவிப்பாளர் சொன்ன அந்த ஒரு நொடியோடு காற்றில் கரைந்தது.

இலங்கையில் மூன்றாம் பாட்டு வேறொரு கிளை விட்டது. அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் ஈழத்துப் பொப் இசை என்று பெயர் பெற்ற அலை அது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ இரண்டும் அந்த அலையின் முகங்கள். சிங்கள பைலாத் தாளமும் யாழ்ப்பாணப் பேச்சும் கேலியும் கலந்த அந்தப் பாட்டுகளுக்கு சபாவும் தேவைப்படவில்லை, சினிமாவும் தேவைப்படவில்லை. கல்யாண வீடும் கல்லூரி விழாவும் போதுமானவை. பிறகு வழக்கமானது நடந்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் ‘சுராங்கனி’ திரைப்பாட்டாயிற்று. மனோகரனும் சென்னைக்கு வந்து ‘சிலோன்’ மனோகராகப் படங்களில் நடித்தார். அந்தப் பாட்டை முணுமுணுக்கத் தெரிந்த தமிழ்நாட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு அது சினிமாவுக்கு முன்பே ஈழத்தில் வாழ்ந்த பாட்டு என்பது தெரியும்?

இங்கே தமிழ்நாட்டில் அரசியல் மேடை இன்னொரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடியவர் பாவலர் வரதராஜன். அந்தப் பாட்டுகள் இசைத்தட்டாக நம்மிடம் வந்து சேரவில்லை. அவருடைய தம்பி இளையராஜா என்பதால் அவர் பெயர் மட்டும் வந்து சேர்ந்தது. பின்னர் ஒலிநாடா வந்தது. எண்பதுகளில் ஒரு சிறு குழுவே பாட்டைப் பதிவு செய்து, நகலெடுத்து, கூட்டத்தின் ஓரத்தில் மேசை போட்டு விற்க முடிந்தது. குஜிலிக் கடைத்தெரு வேறு வடிவில் திரும்பி வந்தது போலத்தான். கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டை நாட்டாரியல் ஆய்வாளரும் பாடகருமான கே.ஏ. குணசேகரன் பாடினார். சாதிக் கொடுமைக்கு எதிராக எழுந்த அந்தக் குரல் ஒலிநாடா வழியாகவும் மேடை வழியாகவும் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் போயிற்று. அது எந்தப் படத்தின் பாட்டும் அல்ல. இருவருமே 2016இல் மறைந்தார்கள். பாட்டு இன்றும் கூட்டங்களில் ஒலிக்கிறது. ஒரு பாட்டு சினிமாவின் துணையில்லாமல் ஒரு தலைமுறையைத் தாண்டி வாழ முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

2000க்குப் பிறகு கணினியும் இணையமும் வந்து பதிவுச் செலவைக் குறைத்தன. 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி - நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ வந்தது. தமிழில் சொல்லிசை சாத்தியம் என்று அது நிறுவிற்று. மறு ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் கேட்டது. தஞ்சைப் பக்கத்து நாட்டார் கலைஞர் அந்தோணி தாசனும் பிரதீப் குமாரும் தர்புகா சிவாவும் ‘லா பொங்கல்’ என்ற குழுவாகச் சேர்ந்து மேடையேறினார்கள்; சில ஆண்டுகளில் மூவரும் திரையில் பெயர் பெற்றுவிட்டார்கள். 2024இல் ‘கட்சி சேர’ என்ற தனிப்பாட்டால் அறியப்பட்ட சாய் அபயங்கர், அடுத்த ஆண்டே திரைப்பட இசையமைப்பாளராகிவிட்டார். இந்த வரிசையைப் பார்த்துச் சிலர், சுயாதீன இசை என்பது சினிமா வாசலில் போட்டிருக்கும் காத்திருப்பு நாற்காலி என்று கேலி செய்கிறார்கள். கேலியில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைச் சொல்ல இரண்டு நிகழ்வுகளை நினைவுகூர வேண்டும்.

முதலாவது, 2017 பொங்கலை ஒட்டி வெளிவந்த ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’. எண்ணூர்க் கழிமுகம் பாழாவதைப் பற்றி கபேர் வாசுகி சென்னைப் பேச்சுமொழியில் எழுதினார், ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ஆனந்தபைரவி, பேகடை, தேவகாந்தாரி முதலிய ராகங்களில் அமைத்தார், டி.எம். கிருஷ்ணா அந்தக் கழிமுகத்திலேயே நின்று பாடினார். பொறம்போக்கு என்ற சொல் வசவாகத் தேய்ந்து போயிருந்தது. அது எல்லோருக்கும் பொதுவான நிலத்தைக் குறித்த சொல் என்பதைப் பாட்டு மீட்டுத் தந்தது. சபாவின் ராகமும் தெருவின் மொழியும் ஒன்றையொன்று கண்டு கூச்சப்படாமல் சேர்ந்த அபூர்வமான இடம் இது.

இரண்டாவது, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்த ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதி பேதமற்ற’ என்ற சொற்சேர்க்கையே பெயருக்கு வேர். சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா, ராக், சொல்லிசை ஆகியவற்றோடு ஒரே மேடையில் நிமிர்ந்து நின்றது. ஆண்களின் கோட்டையான கானாவில் இசைவாணி பாட வந்தார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. அதே 2018 ஜனவரியில்தான் சென்னையில் ‘சிலோன்’ மனோகர் காலமானார். மூன்றாம் பாட்டின் ஒரு தலைமுறை விடைபெற்ற மாதத்தில் இன்னொரு தலைமுறை மேடையேறியது தற்செயல்தான். ஆயினும் குறித்து வைக்கத் தக்கது.

சினிமாவுக்கு வெளியே வந்துவிட்டால் கலைஞனின் பெயரும் உழைப்பும் தானாகவே காப்பாற்றப்படும் என்று நம்பவும் இடமில்லை. 2021 மார்ச்சில் தீ, அறிவு இருவரும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ சந்தோஷ் நாராயணனின் இசையில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. வரிகளை எழுதியவர் அறிவு. அதன் பின்புலத்தில் இருப்பது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. அதே ஆண்டு ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவு இடம்பெறாதது பெரும் விவாதமாயிற்று. 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாட்டு பாடப்பட்டபோது விவாதம் மீண்டும் எழுந்தது. 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி என்றால், சில ஆயிரம் பேர் மட்டும் கேட்கும் பாட்டை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

இணையம் எல்லாவற்றையும் பாதுகாத்துவிடும் என்ற நம்பிக்கையும் இப்படித்தான். மைஸ்பேஸ் என்ற தளத்தில் 2003 முதல் 2015 வரை உலகெங்கிலுமுள்ள சிறு கலைஞர்கள் ஏற்றி வைத்த இசைக் கோப்புகள் அழிந்துவிட்டதாக 2019இல் செய்தி வந்தது. ஐந்து கோடிப் பாட்டுகள் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். மறுபுறம், கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர், பிறர் குப்பை என்று தள்ளிய சிறு பிரசுரங்களையும் நாடக விளம்பரங்களையும் வாழ்நாள் முழுதும் சேர்த்து வைத்தார். இன்று தரமணியில் இருக்கும் ஆராய்ச்சி நூலகம் அவருடைய சேகரிப்பின் மேல் எழுந்தது. பெரிய நிறுவனத்தின் கிடங்கு ஒரு நாளில் காலியானது; ஒரு மனிதரின் அக்கறை நூலகமாயிற்று.

என் வாதம் இதுதான். மூன்றாம் பாட்டு சினிமாவுக்குள் போவது இழப்பல்ல. கலைஞன் சாப்பிட வேண்டும். வாணி மகால் உருவாகப் பாடுபட்டவரே சினிமா நடிகரும் பாடகருமான சித்தூர் வி. நாகையாதான் என்பதை மறக்கக் கூடாது. எங்கே பிறந்தது, யார் எழுதினார், யார் மெட்டமைத்தார், யார் முதலில் பாடினார் என்ற விவரம் தொலைந்துபோவதுதான் உண்மையான இழப்பு. கேட்பவன் மனம் வைத்தால் அதைத் தடுக்க முடியும். ஒரு பாட்டைப் பரிந்துரைக்கும்போது ‘நன்றாக இருக்கிறது’ என்பதோடு நிற்காமல் இந்த நான்கு விவரங்களையும் சேர்த்துச் சொன்னால் அது ரசனைக் குறிப்பு மட்டுமல்ல, ஒரு சிறிய ஆவணமும் ஆகிறது.

அந்த முறையிலேயே என் பரிந்துரைகளைச் சொல்லிவிடுகிறேன். பழையவற்றில் இரண்டு: நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ - ஒரு சமூகம் போருக்கு முன் எப்படிச் சிரித்தது என்பதற்காக, கே.ஏ. குணசேகரனின் குரலில் இன்குலாபின் ‘மனுசங்கடா’ - வாத்தியம் குறைவாக இருந்தாலும் குரல் மட்டும் எவ்வளவு சுமக்கும் என்பதற்காக. அண்மைக் காலத்தவற்றில், ‘பொறம்போக்குப் பாடல்’ கேட்டவர்கள் அத்தோடு நிற்காமல் கபேர் வாசுகி தாமே எழுதிப் பாடிய ‘அழகு புரட்சி’ தொகுப்பையும், டென்மாவும் அவரும் சேர்ந்து இயங்கிய ‘குரங்கன்’ குழுவின் பாட்டுகளையும் தேடிக் கேட்க வேண்டும். பழகிய நண்பன் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போன்ற தமிழ் வாசுகியுடையது. அறிவும் ஆஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ கோபத்தைச் சந்தத்துக்குள் அடக்கிய தொகுப்பு. 2024இல் அறிவு வெளியிட்ட ‘வள்ளியம்மா பேராண்டி’ அதே கோபம் குடும்ப வரலாறாகக் கனிந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்லது. பாட்டே வேண்டாம், வாத்தியம் போதும் என்பவர்களுக்குச் சென்னைக் குழுவான ‘ஜடாயு’ இருக்கிறது; கர்நாடக ராகங்களை கிட்டாரில் வைத்து ஜாஸ் தாளத்தோடு ஓடவிடுகிறார்கள். கமகம் கேட்டுப் பழகிய மாம்பலத்துக் காதுகளுக்கு அது அந்நியமாக இராது.

டிசம்பர் சீசனில் சபாக்கள் மதிய வேளையில் இளம் பாடகர்களுக்கு இலவசக் கச்சேரி வைக்கின்றன. இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதிலும் சிலர் கேன்டீன் திறக்கக் காத்திருப்பவர்கள். ஆனால் நாளைய மாலைக் கச்சேரிக்காரர்களில் பலர் அந்த மதியங்களில் தொடங்கியவர்கள்தான். அங்கே போய் உட்கார்ந்து, யார் பாடினார் என்று குறித்துக்கொண்டு வந்து நாலு பேரிடம் சொல்லும் பழக்கம் சென்னை ரசிகர்களுக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை சபாவுக்கு வெளியே பிறக்கும் பாட்டுக்கும் நீட்டினால் போதும். வாசகர்கள் தாங்கள் கேட்ட, பெயர் பெறாத பாட்டுகளை, எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், ஆண்டு என்ற விவரங்களோடு எழுதி அனுப்பினால் இந்தப் பட்டியலை நாம் சேர்ந்தே வளர்க்கலாம்.